உச்சி வெயிலில் ஒரு ஸ்டாச்சு

இதை எழுதும் முன் அவளிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். எதையாவது மாற்றிச் சொன்னாயா, கொஞ்சம் கூட்டிச் சொன்னாயா என்று. இல்லை என்றாள். இரண்டு தடவையும் காலையில்தான் கேட்டேன்; மத்தியானம் இரண்டு பத்துக்கு அவளிடம் எதையும் கேட்க முடியாது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். காலாவதித் தேதியைப் பார்க்காமல் ஒரு தலைவலி மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்கமாட்டாள். கதை கட்ட அவளுக்கு வராது. ஆகவே இது நடந்ததுதான். ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில்... வெயில் உச்சந்தலையில் நிற்கும் நேரத்தில்.

குழந்தைகளோடு சஃபாரி போகிறோம், எங்கே தங்குவது? ஒரு மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சுதான். போன வருஷப் பயணத்துக்கு ஓரகத்திதான் இடம் பார்த்திருந்தாள். 'கொஞ்சம் கொசு' என்று இவள் வாய் தவறிச் சொல்லப்போக, அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இந்த வருஷம் ஃபோனில் தேனொழுகச் சொன்னாள். "நீயே பாரும்மா. கொசு இல்லாத காடு எங்க இருக்குன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

விடுவாளா இவள்? குழந்தைகள் தூங்கியதும் செல்ஃபோனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன கலெக்டரம்மா, காட்டையே விலைக்கு வாங்கப் போறியா?" என்பான் கணவன்.

"சும்மா இருங்க. இதைப் பாருங்க. 'குடும்பத்துக்கு ஏற்ற இடம்'னு போட்டிருக்கான். பின்னாடி ஏரி. ஏரி நிறைய முதலை."

"முதலைக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கும்ல?"

அடுத்தது மரத்தின்மேல் கட்டிய வீடு. படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இவர்களுடைய ஐந்து வயது மகனை வீட்டில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்தில்கூடச் சுற்றுவான். படுக்கும்போது தலை இருந்த இடத்தில் விடியும்போது கால் இருக்கும். அவனை மரத்துமேல் தூங்க வைப்பதா? இன்னொரு இடத்தில் அறைக்குச் சுவரே இல்லை, வெறும் துணி. "சிங்கம் வந்தா கொக்கி மாட்டிக்கணுமாக்கும்" என்று அதையும் தள்ளினாள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. சுற்றிலும் உயரமான கம்பி வேலி. நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள். குழந்தைகளுக்குச் சீக்கிரமே சாப்பாடு. விளையாட மணல் முற்றம். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். பெற்றவர்கள் காட்டுக்குள் போய்வரும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் உண்டு. இவள் ஃபோன் போட்டு வேலியின் உயரத்தைக் கேட்டாள், கதவில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மேனேஜரம்மா பொறுமையாகப் பதில் சொன்னாள். "குழந்தைங்க விஷயத்துல எங்க அளவுக்குக் கண்டிப்பு எங்கயும் கிடையாது மேடம்."

போய் இறங்கியதும் முதல் அடி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் லீவில் ஊருக்குப் போயிருந்தாள்.

"போச்சு. அண்ணிக்கு ஃபோன்ல சொல்லிடட்டுமா?" என்று கணவன் கண்ணடித்தான். இவள் முறைத்த முறைப்பில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

மேனேஜரம்மா இடுப்பில் சாவிக்கொத்து கிலுங்க எதிரே வந்து நின்றாள். "இங்க ஒரே ஒரு விஷயம்தான் மேடம். எந்த மிருகத்தைப் பார்த்தாலும் ஓடக்கூடாது. ஓடினா இரை. நின்னா மரம். அவ்வளவுதான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பம்பரம் முற்றத்தின் அந்தக் கோடிக்கு ஓடியிருந்தான். இழுத்து வந்து மண்டி போட்டு அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள் இவள். "கண்ணா, நாம ஸ்டாச்சு விளையாடலாமா? நான் 'ஸ்டாச்சு'ன்னு சொன்னா சிலை மாதிரி நிக்கணும். 'ஓவர்'னு சொன்னாதான் அசையணும். சரியா?"

"இவனா?" என்றாள் ஒன்பது வயது மகள். வாய் ஓயாததால் அவளுக்கு மைனா என்று பெயர். "நீ ஸ்டா சொல்லி முடிக்கறதுக்குள்ள அவுட் ஆயிடுவான் பாரு."

அப்படியேதான் ஆனான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரம்மாவைத் தவிர.

"மேடம்... அந்த விளையாட்டு வேண்டாமே."

"ஏன்?"

யாரோ கூப்பிட்டது போல மேனேஜரம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள். யாரும் கூப்பிட்டதாக இவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் அப்பாவும் மைனாவும் ஜீப்பில் கிளம்பினார்கள். வெயில் ஏறியதும் இவள் பம்பரத்தோடு முற்றத்துக்கு வந்து, மரநிழலில் கிடந்த பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் ஊஞ்சலுக்கும் வேலிக்குமாகத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தான். இவள் செல்ஃபோனில் மூழ்கினாள்.

தடதட நின்றது.

குழந்தையின் சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியும். ஒன்று எதையாவது உடைத்திருப்பான். இல்லை, எதையாவது தின்றிருப்பான். நிமிர்ந்து பார்த்தாள்.

பம்பரம் ஒற்றைக்காலில் நின்றான். இன்னொரு கால் அந்தரத்தில். வாய் பாதி திறந்திருந்தது. கீழ் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்தது. மெல்ல ஊர்ந்து மூக்குக்குப் போனது. அவன் இமைக்கவில்லை.

"டேய்... போதும்டா. ஓவர்."

அசைவில்லை.

"ஓவர்டா கண்ணு. ஓவர்!"

எழுந்து ஓட நினைத்தாள். அதற்குள் அவன் காலைக் கீழே வைத்தான். யாரோ சொல்லி வைத்தது போல. முகமெல்லாம் சிரிப்பு. "நான் ஜெயிச்சுட்டேன்!"

"அம்மா ஓவர் சொன்னேன்ல, ஏன் கேக்கலை?"

"நீயா ஸ்டாச்சு சொன்னே? அத்தைதானே சொன்னாங்க."

"எந்த அத்தை?"

அவன் கையை நீட்டினான். இவளை நோக்கி. இல்லை... இவளுக்குப் பக்கத்தில்.

பெஞ்ச் முழுக்கப் புழுதி படிந்திருந்தது. இவள் உட்கார்ந்த இடத்தைத் தவிர. அப்புறம் மறு ஓரத்தைத் தவிர. அங்கே ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குப் பலகை துடைத்தாற்போல் இருந்தது.

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் போனாள். "இங்க யாராவது பொம்பளை வந்தாங்களாங்க?"

அவர் நிமிரவே இல்லை. குழாயை மூடினார். "உச்சி நேரத்துல பிள்ளையை வெளியில விடாதீங்கம்மா" என்றார். பாதிச் செடிகளுக்குத் தண்ணீர் விடாமலே போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். மைனா யானை பார்த்த கதையை மூன்றாம் முறை சொல்லிக்கொண்டிருந்ததால் காதோடு சொல்ல வேண்டியிருந்தது. அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். "இவனை ஒரு நிமிஷம் அசையாம நிக்க வச்சாங்களா? பேசாம அந்த அத்தையைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் நாலு பேர் நடுவில் எந்தப் பயமும் சின்னதாகிவிடுகிறது.

காட்டு விடுதிகளில் மத்தியானம் எல்லோரும் தூங்குவார்கள். விடியுமுன் எழுந்த அசதி. ஓர் அறையில் அப்பாவும் மைனாவும். இந்த அறையில் இவளும் பம்பரமும். கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். அவளே எக்கித்தான் போட வேண்டியிருந்தது. பிள்ளையின்மேல் கையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

விழித்தபோது மணி இரண்டு பத்து.

கை தலையணையின்மேல் கிடந்தது.

பம்பரம் இல்லை.

மேல்தாழ்ப்பாள் திறந்திருந்தது. நாற்காலி எதுவும் நகர்த்தப்படவில்லை. கதவு விரியத் திறந்து, வெயில் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.

செருப்புப் போடாமல் வெளியே வந்தாள். ஒரு குருவி கத்தவில்லை. ஓர் இலை ஆடவில்லை.

முற்றத்தின் நடுவில் பம்பரம் நின்றான். ஒரு கை மேலே தூக்கியபடி. உள்ளங்கை விரிந்தபடி. அசையாமல்.

அவனுக்குப் பின்னால் ஊஞ்சலடியில் நிழல் திட்டுத்திட்டாக விழுந்திருந்தது.

அந்த நிழலுக்கு வால் இருந்தது.

வால் ஆடியது.

சிறுத்தை.

வேலிக்கு அடியில் பன்றி தோண்டிய பள்ளம். அந்த வழியாக வந்திருக்கிறது. பிறகு சொன்னார்கள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. என் பிள்ளை. என் பிள்ளை. கத்த வாயைத் திறந்தாள். ஓட ஒரு காலைத் தூக்கினாள்...

தோளில் ஒரு கை விழுந்தது.

அந்த வெயிலில் அது சில்லென்று இருந்தது. சொரசொரவென்று மணல். காதோரம் ஒரு மூச்சு.

"ஸ்டாச்சு."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. திறந்த வாய் திறந்தபடி. இமை இறங்கவில்லை. அவள் நிற்கவில்லை. நிறுத்தப்பட்டாள்.

சிறுத்தை எழுந்தது.

நடந்தது. பம்பரத்தின் கழுத்தை முகர்ந்தது. தூக்கிய கையை முகர்ந்தது. மீசை அவன் விரலில் பட்டது.

அவன் இமைக்கவில்லை.

சிறுத்தை இவளைப் பார்த்தது. வந்தது. பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்... அதன் விலா இவள் முழங்காலில் உரசிக்கொண்டு போனது. சூடு. நாற்றம்.

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை.

பள்ளத்தில் சரசரவென்று ஒரு சத்தம்.

போய்விட்டது.

அதே குரல் மறுபடி கேட்டது. இப்போது பம்பரத்தின் பக்கத்திலிருந்து. மெதுவாக. பிரியமாக.

"ஓவர்."

பம்பரம் கையை இறக்கினான். ஓடி வந்து இவள் காலைக் கட்டிக்கொண்டான். "ஜெயிச்சுட்டோம்மா!"

இவள் அசையவில்லை. கணவன் ஓடி வந்து இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். அப்படியே மரம் சாய்வது போல அவன்மேல் சாய்ந்தாள்.

பொழுது சாயச் சாயத்தான் இவளுக்குக் கை கால் அசைந்தது; அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள். அத்தையைப் பற்றிப் பம்பரம் வாய் ஓயாமல் சொன்னதை மேனேஜரம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். வழியனுப்பும்போது இவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். காரில் ஏறிய பிறகுதான் மைனா கேட்டாள். "அம்மா, உன் சட்டையில யாரு கை வச்சது?" தோளில் நாலு விரலின் தடம். மணலால்.

ஊருக்கு வந்து ஒன்பதாம் நாள். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாலை அடுப்பில் வைத்திருந்தாள். பம்பரம் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஃபோன் அடித்தது. மேனேஜரம்மா.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் மேடம். தைரியம் வரலை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு பொண்ணு பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டா. பிள்ளைங்க ஓடாம நிக்கப் பழகணும்னு அந்த ஸ்டாச்சு விளையாட்டை அவதான் ஆரம்பிச்சா. ஒருநாள் மத்தியானம் நிஜமாவே சிறுத்தை வந்துடுச்சு. ஸ்டாச்சுன்னு கத்தினா. அவளும் நின்னா. பிள்ளைங்களும் நின்னாங்க. ஒரு பையன் மட்டும்... ஓடிட்டான் மேடம்."

இவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அவளும் செத்துட்டாளா?"

"இல்லை மேடம். அன்னையிலேருந்து அவ அசையவே இல்லை. கண்ணு திறந்திருக்கும். கூப்பிட்டா திரும்பமாட்டா. அண்ணன் வீட்டுல கட்டில்லயே இருந்தா. இத்தனை வருஷமா."

"இருந்தான்னா?"

"நீங்க இங்க இருந்தீங்களே, அதே மத்தியானம் கையைத் தூக்கினாளாம். எதிர்ல யார் தோளையோ பிடிக்கற மாதிரி. 'ஸ்டாச்சு'ன்னாளாம். கொஞ்ச நேரம் கழிச்சு 'ஓவர்'னாளாம். அதோட உயிர் போயிடுச்சு. அண்ணன் கையை மடக்கப் போயிருக்கார். உள்ளங்கை நிறைய மணல் மேடம். கட்டிலை விட்டு இறங்காதவ கையில..."

இவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எதையோ நினைத்துக்கொண்டது போல நிதானமாகக் கேட்டாள்.

"ஓவர்னு எத்தனை தடவை சொன்னாளாம்?"

"ஒரே தடவைதான் மேடம். ஏன்?"

அடுக்களைக் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது.

"மேடம்? ஹலோ... மேடம்?"

பால் நுரைத்து ஏறியது. வழிந்தது. அடுப்பு உஸ்ஸென்று அணைந்தது. எல்லாம் இவளுக்குத் தெரிந்தது. எல்லாம் கேட்டது. கை மட்டும்... நீளவில்லை.

மைனா ஓடி வந்து கேஸை மூடினாள். "அம்மா! என்னம்மா? ஏன் இப்படிப் பார்க்கறே? ஓவர்மா! ஓவர்!"

பம்பரம் வந்தான். அண்ணாந்து அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, ரகசியம் போலச் சொன்னான்.

"கத்தாதேக்கா. அம்மா இன்னும் ஆட்டத்துலதான் இருக்காங்க."