புகையாமல் எரிந்த கணப்பு

எதெல்மிரா நவெல்கின், 1958 மார்ச் 3 அன்று சிலோயே தீவில் பிறந்தார். பத்தொன்பதாவது வயதில் கப்பலேறித் தெற்கே கொய்ஹைக்கே நகருக்கு வந்து, ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்; அங்கேயே ஓய்வும் பெற்றார். கணவர் அலிரோ கார்கமோ, விறகு ஏற்றும் லாரியின் ஓட்டுநர். ஒரே மகள் யெசீனியா கடலோரத்துத் துறைமுக ஊரில் வாழ்க்கைப்பட்டவர். 2016 ஆகஸ்டில் அலிரோவின் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். 2017 மே மாதம் வீட்டின் கல் கணப்புக்குள் இரும்புப் பெட்டி பொருத்தப்பட்டது. வீட்டின் பின்னறையில் அப்போது நான் வாடகைக்கு இருந்தேன்.

கல் கணப்பு அலிரோ தன் கையால் கட்டியது. ஆற்றங்கரைக் கற்களை லாரியில் அள்ளிவந்து ஒரு கோடை முழுவதும் கட்டினார். பார்க்க அழகு, ஆனால் கொடுத்த விறகில் முக்கால்வாசிச் சூட்டை வானத்துக்கு அனுப்பிவிட்டு, புகையில் ஒரு பங்கை வீட்டுக்குள் துப்பும். மருத்துவர் இரண்டே கட்டளை இட்டிருந்தார்: அலிரோவுக்குக் குளிர் ஆகாது, புகை ஆகாது. விறகைத் தவிர வேறெதிலும் வீட்டைச் சூடாக்கக் கட்டுப்படியாகாத ஊரில் இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க ஒரு வழிதான் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டியைக் கணப்பின் வாய்க்குள் செருகி, பழைய புகைபோக்கியினூடே உச்சிவரை எஃகுக் குழாய் இறக்குவது.

பொருத்த வந்தவர் வடக்கே ஒசோர்னோ ஊர்க்காரர். வேலை முடிந்ததும் பெட்டியின் அடியிலிருந்த காற்றுக் கைப்பிடியைக் காட்டினார்.

"இதை வலது பக்கம் தள்ளினா காத்து முழுசா வரும். இடது பக்கம் தள்ளினா குறையும். ஆனா செஞோரா, ராத்திரி படுக்கப் போறப்ப முழுக்க மூடிடாதீங்க. இந்த ஊர்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

"மூடலன்னா விடியற வரைக்கும் நெருப்பு எப்படிப்பா நிக்கும்?" என்றார் அலிரோ.

"நிக்காது, தொன் அலிரோ. அணைஞ்சுடும். காலையில மறுபடி மூட்டணும்."

"அப்ப இத்தனை இரும்பு எதுக்கு? என் கல்லு என்ன பாவம் பண்ணிச்சு?"

"உங்க கல்லு உங்களை இரும வெச்சுது" என்றார் எதெல்மிரா. பேச்சு அத்துடன் முடிந்தது.

அந்தக் கைப்பிடியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கொய்ஹைக்கேயில் இரவு உணவு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் நடக்கும். தடித்த, ஈரம் வற்றாத லெங்கா மரக் கட்டைகள் இரண்டை நெருப்பின்மேல் கிடத்தி, காற்றை அடியோடு மூடிவிடுவார்கள். நெருப்பைத் தூங்க வைப்பது என்று அதற்குப் பெயர். சுடரில்லாமல் கட்டை இரவு முழுக்கப் புழுங்கும். காலையில் சாம்பலைக் கிளறினால் கங்கு கிடைக்கும். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ளும் சிக்கனம் அது. ஆனால் எரியாமல் போனதெல்லாம் புகையாக வெளியேறும். போகிற வழியில் குழாய்க்குள் தாராகப் படியும். மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கும் நகரத்தின்மேல், காற்றசையாத உறைபனி இரவுகளில், அந்தப் புகை எங்கும் போகாமல் உட்கார்ந்துகொள்ளும்.

எதெல்மிரா சலவைக்காரியின் ஒழுங்கோடு அந்தப் பெட்டியைப் பழகிக்கொண்டார். விறகைக் கோடைக்கு முன்பே, நவம்பரில் வாங்கிப் பிளந்து, தகரக்கூரைக்கு அடியில் காற்றுப் புகும்படி அடுக்கினார். அடுக்கிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளை அலிரோ காதருகே தட்டிப் பார்ப்பார். 'டங்' என்று ஒலித்தால் காய்ந்தது. 'தொப்' என்றால் இன்னும் ஈரம். மூட்டும்போது பெரிய துண்டுகள் கீழே, சிறியவை குறுக்கே, சிராய் எல்லாவற்றுக்கும் மேலே. தீக்குச்சியும் மேலேதான். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். புகை சுடரைத் தாண்டித்தான் மேலே போக முடியும் என்பதால் வழியிலேயே எரிந்துவிடும். இரண்டு விரல் கனச் சாம்பலை எப்போதும் அடியில் விட்டுவைப்பார். மிச்சத்தை மூடி போட்ட வாளியில் அள்ளி வெளியே, மரச்சுவருக்குத் தள்ளி வைப்பார். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பார். தாராளமாக உருவிக்கொண்டு வந்தால் காற்றுப் புகாமலிருக்கக் கதவோரம் பதித்த கயிறு தேய்ந்துவிட்டது என்று பொருள். நச்சுக்காற்றுக்குக் கூவும் கருவியைச் சுவரில் மாட்டியிருந்தார். இரவில் காற்றை மூடமாட்டார். அணைந்தால் அணையட்டும் என்று அலிரோவின்மேல் இன்னொரு கம்பளியைப் போட்டுவிடுவார்.

முதல் குளிர்காலத்தில் காற்று ஓயாமல் அடித்தது. புகைபோக்கியின் உச்சியில் வெறும் அனல் நடுங்குவதைத் தவிர எதுவும் தெரியாது. கண்ணாடி கறுக்கவில்லை. அலிரோ ஒருமுறைகூட மருத்துவமனையில் படுக்கவில்லை.

2018 ஜூனில், அந்த ஊரின் நடுக்குளிர்காலத்தில், காற்று நின்றுவிட்டது. மூன்றாம் வாரத்தில் அலிரோ மறுபடி இருமத் தொடங்கினார். எதெல்மிரா குழாயைத் துடைக்கச் செய்தார், கயிற்றை மாற்றினார், விறகைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் கூடத்தில் பச்சைக்கட்டைப் புகையின் வாடை. ஒரு மாலை, தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டுத் திரும்பியவர், குச்சியிலிருந்து எழுந்த புகைநூல் நேராக ஏறாமல் சாய்ந்து பெட்டியை நோக்கிப் போவதைக் கவனித்தார். குச்சியைச் சமையலறைக் கதவடிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தும் நூல் உள்ளேதான் வளைந்தது.

"அலிரோ, இது மூச்சு வாங்குது."

"யாரு?"

"நெருப்பு. வீட்டுக் காத்தை இழுக்குது. இழுத்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து சந்து வழியா வருது. வெளிய இருக்கறது பக்கத்து வீட்டு எர்மிந்தாவோட புகை."

"அப்ப நல்லா எரிய எரிய, நல்லா இழுக்கும்."

"ஆமா."

"முப்பது வருஷம் ஜூன் மாசத்துல பச்சை விறகு ஏத்திக்கிட்டு அந்தத் தெருவுக்கெல்லாம் நான்தான் போனேன்" என்றார் அலிரோ. பிறகு மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டினார். "தண்ணி ஊத்து."

மறுநாள் எதெல்மிரா ஜன்னல்களின் இடுக்குகளில் பட்டை ஒட்டினார். கதவடிகளில் பழைய துவாலைகளைச் சுருட்டி வைத்தார். அரை மணியில் சுடர் சோம்பிப் படுத்தது. கண்ணாடியில் பழுப்பு ஏறியது. கட்டை போடக் கதவைத் திறந்ததும் புகை குப்பென்று கூடத்துக்குள் வந்தது. சுவரிலிருந்த கருவி கூவத் தொடங்கியது. அலிரோவை வாசலுக்கு நடத்திக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் தெருப்புகை நின்றது. ஒசோர்னோக்காரரைத் தொலைபேசியில் கேட்டார். வெளிக்காற்றை நேரே பெட்டிக்குள் குழாய்வழி கொண்டுவரலாம், ஆனால் இந்தப் பெட்டியில் அதற்கு வாய் கிடையாது, அப்படிப்பட்டது வேண்டுமானால் கணப்பையே இடிக்க வேண்டும், வசந்தத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

எர்மிந்தா சிகுவாய் மேற்கு வேலிக்கு அப்பால் வசிப்பவர். அவர் மகளுக்கு எதெல்மிரா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஞானத்தாய் உறவு அந்த ஊரில் ரத்த உறவுக்கு ஒரு படி மேல். உடன்பிறந்தவளிடம் சண்டை போடலாம், கொமாத்ரேயிடம் போடக்கூடாது. எதெல்மிரா ஒரு தள்ளுவண்டி நிறையக் காய்ந்த விறகோடு போனார்.

"என்ன கொமாத்ரே, எனக்குக் கல்யாணமா? சீரெல்லாம் வருது" என்றார் எர்மிந்தா.

"உன் விறகு ஈரம். இதை எரி. ராத்திரி காத்தை மூடாத, கொமாத்ரே. புகை முழுக்க எங்க வீட்டுக்குள்ள வருது. அவரால மூச்சு விட முடியல."

எர்மிந்தாவின் சிரிப்பு நின்றது. "தொன் அலிரோவுக்கு என்னாலயா?"

"உன்னால மட்டும்னு சொல்லல."

"கொமாத்ரே, நாலரைக்கு நான் ரொட்டிக்கூடத்துக்குக் கிளம்பணும். தொட்டில்ல பேத்தி கிடக்கு. நெருப்பு அணைஞ்சா தண்ணிக்குழாய் உறைஞ்சுடும். மூணு மணிக்கு எழுந்து கட்டை போட யாரு இருக்கா? என் புருஷனா? அவரு எழுந்தா அன்னிக்கு ஊர்ல திருவிழா."

"ரெண்டு நாள் பண்ணிப் பாரேன்."

"பண்றேன். உனக்காகப் பண்றேன்."

எர்மிந்தா பொய் சொல்லவில்லை. காய்ந்த விறகால் மூட்டினார். மாலை முழுவதும் அவர் புகைபோக்கி தெளிவாக இருந்தது. படுக்கும் நேரம் வந்ததும் கை தானாக ஈரக்கட்டை இரண்டை எடுத்து வைத்தது. தானாகக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளியது. மறுநாள் வேலியோரம் வந்து, "தூக்கத்துல கையே பண்ணிடுச்சு, கொமாத்ரே" என்றார். அதற்கடுத்த நாள் வேலிப்பக்கமே வரவில்லை.

மகள் யெசீனியா தொலைபேசியில் கத்தினார். "புகையைச் சோதிக்கற ஆய்வாளருங்களுக்குச் சொல்லும்மா. அபராதம் போட்டா தானா மூடறதை நிறுத்துவாங்க."

"அவ பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கினவ நான். நான் போய்க் காட்டிக்கொடுக்கவா?"

"அப்ப அப்பாவை எங்கிட்ட அனுப்பு. இங்க மழை. மழையில புகை நிக்காது."

எதெல்மிரா தொலைபேசியை வைத்துவிட்டார். அன்றிரவு நெருப்பு மூட்டவில்லை. நெருப்பு இழுக்காவிட்டால் புகை அவ்வளவு வராது என்பது கணக்கு. புகை உண்மையிலேயே குறைந்தது. விடிவதற்குள் அலிரோவின் உதடு நீலம் பாரித்திருந்தது. குளிரில் நடுங்கியதில் இருமக்கூட அவருக்குத் தெம்பில்லை. காலையில் எதெல்மிரா கணப்பின் முன்னால் மண்டியிட்டார். பெரியவை கீழே, சிறியவை குறுக்கே, சிராய் மேலே. சுடர் ஒழுங்காக இறங்கியது, கண்ணாடி பளிச்சென்று இருந்தது, வீடு சூடேறியது. பத்து மணிக்கு இருமல் தொடங்கியது.

2018 ஜூலை 9 அன்று யெசீனியாவும் மருமகனும் வண்டியோடு வந்தார்கள். அலிரோ தொப்பியை வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழாமல் கணப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீயும் வந்துடேன், மிரா."

"வீட்டை யாரு பாத்துப்பா? குழாய் வெடிச்சா நீங்க திரும்பி வர வீடு இருக்காது."

"வசந்தத்துல வந்துடுவேன்."

"வாங்க."

"உன் இரும்பு நல்ல இரும்புதான். அதுமேல தப்பில்ல." எழுந்தபோது மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "என் கல்லை மட்டும் யாரும் இடிக்காம பாத்துக்க."

வண்டி கிளம்பும்போது எர்மிந்தா சூடான ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அலிரோ அதை மடியில் வாங்கிக்கொண்டார். எர்மிந்தா எதெல்மிராவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

ஒன்பது நாட்கள் கழித்து எர்மிந்தா வந்து சமையலறையில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரு வாரமா மூடல, கொமாத்ரே. மூணு மணிக்குக் கடிகாரம் வெச்சு எழுந்திருக்கறேன். ரொட்டிக்கூடத்துல நின்னுக்கிட்டே தூங்கறேன்னு முதலாளி திட்டறான்."

"பாத்தேன். உன் புகைபோக்கியில இப்ப ஒண்ணும் தெரியல."

"தொன் அலிரோவைக் கூப்பிட்டுடு. நான் இனிமே மூடமாட்டேன். என் பேத்திமேல ஆணையா."

எதெல்மிரா தொலைபேசியைக் கையில் எடுத்தார், எண்ணை அழுத்தவில்லை. "வா, மேல போய்ப் பாத்துட்டு வந்து பேசலாம்" என்றார்.

தெருமுனையைத் தாண்டி நீர்த்தொட்டிச் சரிவுக்கு இருவரும் ஏறினார்கள். மாலை ஐந்து மணி, காற்றில்லை. கீழே இரண்டு வீடுகளின் புகைபோக்கிகளும் அடுத்தடுத்துத் தெளிவாக நின்றன. எர்மிந்தா அவற்றைத்தான் முதலில் கைகாட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

அடுத்த கூரையிலிருந்து தொடங்கி, ஆற்றுப் பக்கம்வரை, பழுப்பு நிறத்தில் புகை தடித்து எழுந்து, கூரைமட்டத்திலேயே மடங்கிப் படுத்துக்கொண்டிருந்தது.

"அதோ அது ஒலாவே வீடு" என்றார் எர்மிந்தா மெல்ல. "அவங்களுக்குச் சொல்லலாம். அந்தப் பக்கம் பச்சைக்கூரை, அது யாருன்னு தெரியல."

"தெரிஞ்சா?"

"போய்க் கேக்கலாம். உன் பேச்சை நான் கேட்டேன் இல்ல?"

"நீ என் கொமாத்ரே" என்றார் எதெல்மிரா. "எத்தனை வீட்டுப் பிள்ளைக்கு நான் ஞானத்தாயா இருக்கறது?"

எர்மிந்தா விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். முதல் தெரு முடிவதற்குள் நிறுத்திவிட்டார். எதெல்மிரா தெருத்தெருவாக, வடக்கிலிருந்து தெற்காக, வாய்க்குள் எண்ணி முடித்தார். தொலைபேசியில் அன்று மகளிடம் பேசியபோது, அப்பாவை வரச் சொல்ல வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றார்.

2018 ஜூலை 18, நீர்த்தொட்டிச் சரிவிலிருந்து எண்ணியவை: அடர்ந்த புகை வந்த புகைபோக்கிகள், இருநூற்று அறுபத்து மூன்று.