அம்மை வந்ததுண்டா என்று கேட்கும் குர்ஷித் பேகம்

செங்கம் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் குர்ஷித் பேகம் பி.ஃபார்ம் படித்தவர், ஐந்து வேளையும் தொழுகிறவர். வாடிக்கையாளர்களிடம் அவர் தவறாமல் விசாரிப்பது மாரியம்மனைப் பற்றி.

காரணம் இருக்கிறது. மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டால் இங்கே எல்லோரும் இல்லை என்பார்கள். பொய்யில்லை. மாத்திரையால் உடம்பு தடித்தால் அவர்கள் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. அம்மை என்று வேப்பிலை வைத்துக் கூழ் ஊற்றிவிடுகிறார்கள். ஆகவே பேகம் அம்மையிலிருந்து தொடங்குகிறார்.

போன பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், அடி அண்ணாமலையிலிருந்து உண்ணாமலை கணவர் புகழேந்தியுடன் வந்தார். கிரிவலத்தில் கண்ணாடிச் சில்லு குத்திய கால் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் அலர்ஜி உண்டா என்று கேட்டிருக்கிறார், வழக்கமான பதில்தான். எழுதித் தந்தது அமாக்சிசிலின், பென்சிலின் வகை. முதல் மாத்திரையைக் கடையிலேயே போட்டுக்கொள்ள உண்ணாமலை தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார்.

பேகம் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு அம்மை வந்திருக்காம்மா?"

"போன ஆடியில வந்துச்சுங்க. ஒதடு வீங்கி, மூச்சு வாங்கி... ஒரே நாள்ல எறங்கிட்டா."

"அன்னிக்கு மாத்திரை எதுனா போட்டீங்களா?"

"பல்லு வலிக்குப் போட்டேன். அரை மணி நேரத்துல ஆத்தா வந்துட்டா."

மாத்திரை கேட்டால் சாமிக் கதை கேட்கிற கடையை இப்போதுதான் பார்ப்பதாகவும், பஸ் போய்விடும் என்றும் புகழேந்தி சொன்னார். பேகம் அவருக்கு ஸ்டூலைக் காட்டிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். இவ்வளவு தெரிந்தவர் தானாக மருந்தை மாற்றமாட்டார் என்பது இன்னொரு விசித்திரம். டாக்டர் வேறு வகை மருந்து சொன்னார்.

உண்ணாமலைக்கு வேறு கவலை. "அப்ப வந்தது ஆத்தா இல்லீங்களா?"

"அத நான் எப்டிம்மா சொல்றது? ஆனா அன்னிக்குப் போட்டதும் இந்த வகையாத்தான் இருக்கும், மறுபடி போட்டா மூச்சே நின்னுடலாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும், அவங்க கேக்கலன்னாலும், மொதல்ல இதச் சொல்லுங்க."

பல்வலி மாத்திரையில் மிச்சம் நாலு இருப்பதாகவும், மகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆகும் என்று மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும் புகழேந்தி மெல்லச் சொன்னார். யாருக்கும் தராமல் கொண்டுவரச் சொன்னார் பேகம்.

மாலையில் புகழேந்தி கொண்டுவந்த அட்டையிலும் அமாக்சிசிலின்தான். உண்ணாமலையின் மருந்துச் சீட்டின் மேலே பேகம் 'பென்சிலின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதினார். புகழேந்தி அதைப் போனில் படம் எடுத்தார். எழுத்து தெளிவாக இல்லையென்று மறுபடியும் எடுத்தார்.