என் கணவரின் இருநூற்றுப் பத்து

ரொறன்ரோ அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் பேஸ்போல் கிண்ணத்தை வென்று, போகிற இடமெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். ஸ்காபரோவில் என் கணவர் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையிலும் ஓர் அணி இருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர் என்பதை அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அங்கே அறிவித்திருக்க வேண்டும். அந்தக் கோடையிலேயே அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் லண்டனிலுள்ள தமையனுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"அண்ணை, என்ரை சராசரி டூ டென்னாம். சூப்பர்வைசரே சொன்னவர். இருநூற்றிப் பத்து!"

தமையனும் கிரிக்கெட் பைத்தியம். கிரிக்கெட்டில் ஐம்பது சராசரியே பெரிய விஷயம். தள்ளி நின்ற எனக்கே அவருடைய குரல் கேட்டது.

"உதென்னடா விளையாட்டு? பந்து போடுறவன் நித்திரையோ?"

எங்களிடம் ஒரு கார்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு சாமான் வாங்கப் போகவேண்டும் என்பதால் நானும் மைதானத்துக்குப் போவேன். சும்மா இருக்கிறேனே என்று, அணியையும் நடத்திய சூப்பர்வைசர் ஸ்கோர் எழுதப் பழக்கினார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. சரியாக அடித்துவிட்டு ஓடி, 'பேஸ்' என்கிற தளத்துக்குப் போய்ச் சேர்ந்த தடவைகளை, அடிக்க இறங்கிய தடவைகளால் பிரிப்பார்கள். விடை ஒன்றுக்குக் கீழேதான் வரும். வாசிக்கும்போது முன்னால் இருக்கிற தசமப் புள்ளியை விழுங்கிவிடுவார்கள். என் கணவரின் இருநூற்றுப் பத்து, அதாவது .210 என்றால், பத்துத் தடவை இறங்கினால் இரண்டு தடவைக்குச் சற்று மேலேதான் உருப்படியாக அடித்திருக்கிறார்!

அன்றைக்கு வீடு வரும்வரை அவர் விசிலடித்தபடி கார் ஓட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதரின் சந்தோஷத்தை ஏன் கெடுப்பான் என்று நினைத்தேன். எனக்கும் அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

அடுத்த கோடையில் தமையன் இந்த அதிசயத்தைக் கண்ணால் பார்க்கவென்றே லண்டனிலிருந்து வந்து இறங்கினார். மைதானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து, என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உந்தப் புள்ளி ஏன் முன்னாலை நிக்குது?"

சொல்லவேண்டியதாகப் போய்விட்டது. மனுசன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி முழுக்கக் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. அதே நேரம் என் கணவர் இறங்கினார். பந்துகள் விலகி விலகி வந்தன. கிரிக்கெட் பழக்கத்தில் ஒன்றையும் தொடாமல் விட்டார். நான்கு பந்து அப்படி வந்தால் முதல் தளத்துக்கு நடந்தே போகலாம். மட்டையைப் போட்டுவிட்டுக் கம்பீரமாக நடந்தார்.

"இவன் அடிக்காமலே போறான்!" என்று தமையன் துள்ளினார்.

வீடு வந்து சேர்வதற்குள் தமையன் சொல்லி என் கணவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தமையனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் விசிலடிச்சுக்கொண்டெல்லோ வந்தனீங்கள்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். எனக்கும் பாவமாக இருந்தது. ஸ்கோர்த் தாள்களை எடுத்து வேறு விதமாகக் கணக்குப் பார்த்தேன். நடந்து போனவை அந்தச் சராசரியில் சேருவதில்லை. அவற்றையும் சேர்த்து, எப்படியோ தளத்துக்குப் போய்ச் சேர்ந்த தடவைகளைப் பார்த்தால், அணியில் இவரை மிஞ்ச ஆளில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் அதிசயப்படவேயில்லை. "தெரியும். அதனால்தானே இவரை முதலாவதாக இறக்குகிறேன்" என்றார்.

ஆசையாக வந்து இதைச் சொன்னால், இவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

"அப்ப நான் அடிக்காததுக்குத்தான் மதிப்போ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தமையன் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே போன பந்தையும் காலுக்குக் கீழே வந்த பந்தையும் விடாமல் மட்டையை வீசினார். ஒன்றைத் தவிர வேறு எதுவும் படவில்லை. பட்ட அந்த ஒன்றும் நேரே பிடிப்பவனின் கைக்குப் போனது. அணி தோற்றது. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "இவருக்கு நீ என்ன சொல்லிவிட்டாய்?" என்று கேட்டார்.

தமையன் லண்டனுக்குத் திரும்பியபின் இவரும் பழையபடி பந்தை விடத் தொடங்கினார். இன்னும் சில கோடைகள் விளையாடினார். பிறகு மிசிசாகாவில் நல்ல வேலை கிடைத்தது. அங்கே அணி இல்லை. அத்தோடு அவருடைய பேஸ்போல் வாழ்க்கை முடிந்தது.

பழைய வேலையை விட்ட அன்றைக்கு எல்லாக் கோடைகளையும் கூட்டி இரண்டு கணக்கையும் சொன்னேன். அடித்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தளம் சேர்ந்ததை இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

"அண்ணை பாத்துக்கொண்டிருக்கத் தோத்த அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தனீரோ?"

"ஓம், சேர்த்தனான்."

"அதை எடுத்துப்போட்டுப் பாரும்."

"அப்பிடி எடுக்கேலாதப்பா."

"எடுக்கவேண்டாம். எடுத்தால் எவ்வளவு வரும் எண்டு மட்டும் சொல்லும்."

கணக்குப் பார்த்துச் சொன்னேன். வித்தியாசம் ஒரு துளிதான். அந்தத் துளிக்கே அவருடைய முகம் மலர்ந்துபோனது.