சூடு என்று சொன்னால் போதும்

யாராவது ஒரு பெண் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால் போதும், சண்முகவள்ளியின் கை தானாக ஃபேன் ரெகுலேட்டருக்குப் போகும். மார்கழியாக இருக்கட்டும், மழை பெய்து தரை சில்லிட்டுக் கிடக்கட்டும், கடைசி எண்வரைக்கும் திருகிவிட்டுத்தான் உட்காருவாள். அவளுடைய வாடகை வீட்டு ஃபேன் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்துக்குள் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பள்ளி விடுமுறைக்குத் திண்டுக்கல் வரும் அக்கா மகள் ஜீவிதா, குளிரில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சித்திக்கு மட்டும் ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று யோசித்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அதே வீட்டில் தங்கி, சித்தி வேலை பார்த்த மகளிர் கல்லூரியிலேயே பி.எஸ்.சி. சேர்ந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. கல்லூரி ஹெல்த் ரூமிலும் ஃபேன் அப்படித்தான் ஓடியது.

சண்முகவள்ளி அந்த ஹெல்த் ரூம் நர்ஸ். ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் மெஷின், பஞ்சுச் சுருள்கள், வலி மாத்திரை வைத்த பீரோ, அவ்வளவுதான் அறை. நர்ஸ்களை மற்ற இடங்களில் சிஸ்டர் என்பார்கள். இங்கே பிள்ளைகள் அவளை ‘மிஸ்’ என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் செய்து முடித்த கையோடு அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தனக்கு வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போய், முப்பதைத் தாண்டியதும் வீட்டில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். மிஸ் என்ற சொல்லில் அதெல்லாம் தெரியாது. மரியாதை மட்டுமே தெரியும்.

அந்த அறைக்கென்று ஒரு சொல் இருந்தது. சூடு. வயிற்று வலி என்றாலும் சூடு, வெள்ளைப்படுதல் என்றாலும் சூடு, நாள் தள்ளிப்போய் முகம் வெளிறி வந்தாலும் சூடு. வகுப்பாசிரியர் கேட்டால், வார்டன் கேட்டால், பதறிப்போய் வந்த அம்மா கேட்டால், “ஒண்ணுமில்ல, உடம்புச் சூடு. ரெண்டு நாளைக்கு மோர் குடுங்க” என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். வெயில் கொளுத்தும் ஊரில் சூட்டுக்கு யாரைக் குற்றம் சொல்வது? அம்மா நிம்மதியாக பஸ் ஏறிப் போவாள். அப்புறம் சண்முகவள்ளி ஃபேனைக் கூட்டி, பிள்ளையை அருகில் உட்காரவைத்து, கேட்க வேண்டியதைக் கேட்பாள். அசிங்கமாக ஒரு வார்த்தை வராது. டாக்டரிடம் போக வேண்டிய விஷயமென்றால், பஸ் ஸ்டாண்டு பக்கம் பெண்கள் நோய் பார்க்கும் டாக்டர் நசீம் பானுவின் கிளினிக்குக்குச் சாயங்காலத்தில் அனுப்புவாள். யார் அனுப்பியது என்று வெளியில் சொல்லக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

சித்தி கண்டுபிடித்த அந்தச் சொல் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று ஜீவிதா பெருமைப்பட்டதுண்டு. உண்மையில் அது யாரைக் காப்பாற்றியது என்ற சந்தேகம் பின்னால் வந்தது.

சித்திக்கு ஓர் ஆள் இருந்தான். பழனிக்குமார் என்று பெயர். மருத்துவமனைகளுக்கும் கல்லூரி ஹெல்த் ரூமுக்கும் பஞ்சும் டெட்டாலும் சப்ளை செய்கிறவன். ஒட்டன்சத்திரத்தில் மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள். சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தம் மாரியம்மன் கோயிலுக்கென்று கிளம்புவாள். திரும்பி வரும்போது நெற்றியில் குங்குமம் இருக்காது. ஜீவிதா பார்ப்பாள், கேட்க மாட்டாள். சோறு போடுகிறவள், ஃபீஸ் கட்டுகிறவள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கல்லூரியிலும் லேசாகப் பேச்சு அடிபட்டது. ஆபீஸ் ரூமில் ஒருவர், பஞ்சுக்காரர் பஞ்சை இறக்க இவ்வளவு நேரமா என்று சிரித்ததாகச் சித்தியின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் நடை கொஞ்சம் மாறியது. எதிரே இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே கடப்பாள்.

அந்த நேரத்தில்தான் மணிமேகலை விவகாரம் வந்தது.

மணிமேகலை ஜீவிதாவின் வகுப்புத் தோழி. குஜிலியம்பாறைப் பக்கம், மழையை நம்பிக் கடலை போடுகிற வீடு. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஹாஸ்டலில் இருந்தாள். அரிப்பும் எரிச்சலுமாக ஹெல்த் ரூமுக்கு வந்தவளைச் சண்முகவள்ளி நசீம் பானுவிடம் அனுப்பினாள். சாதாரணத் தொற்றுதான், யாருக்கும் வரக்கூடியது. ஆறு நாள் மருந்தில் சரியாகிவிடும். ஆனால் உள்ளே வைத்துக்கொள்ளும் மாத்திரையை வார்டன் அவளுடைய டிரங்குப் பெட்டியில் பார்த்துவிட்டாள். கல்யாணமாகாத பிள்ளைக்கு இந்த மாத்திரை எதற்கு என்ற கேள்வி ஹாஸ்டல் மாடி முழுக்க ஏறி இறங்கியது. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பிரின்சிபால் அறையில் அப்பா நாச்சிமுத்து துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். மணிமேகலை சுவரோரம் நின்றாள். சண்முகவள்ளியை வரச்சொல்லி ஆள் வந்தது. அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இது சாதாரணத் தொற்று, நான்தான் டாக்டரிடம் அனுப்பினேன். உள்ளே நுழையும்வரை அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் பிரின்சிபால் முதல் கேள்வியையே வேறு மாதிரி கேட்டார்.

“கல்யாணம் ஆகாத பிள்ளையை அந்த மாதிரி டாக்டர்கிட்ட அனுப்புறது யாரு மிஸ்? நீங்களா?”

அந்த ‘நீங்களா’வில் பஞ்சுக்காரனும் இருந்தான், ஆபீஸ் ரூம் சிரிப்பும் இருந்தது. அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நான் அனுப்பல மேடம். சூடுன்னு வந்து சொன்னா. மோர் குடிக்கச் சொன்னேன்.”

மணிமேகலை நிமிர்ந்து பார்த்தாளாம். அழவில்லையாம். நாச்சிமுத்து வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே டி.சி. வாங்கிக்கொண்டு மகளைக் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்டில் ஜீவிதா ஓடிப்போய் என்னடி ஆச்சு என்று கேட்டபோது மணிமேகலை சொன்னது இவ்வளவுதான்: “உங்க சித்திகிட்ட கேளு.”

ஜீவிதா கேட்டாள். சித்தி ஃபேனைக் கூட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்லிவிட்டு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

மறு வருடம் கல்லூரியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. முப்பது வயது தாண்டிய பெண் ஊழியர் எல்லாருக்கும் என்று டாக்டர் நசீம் பானு சொல்லியிருந்தார். ஆபீஸில் அறிவிப்பு அடித்தவர்கள், ‘திருமணமான’ என்ற சொல்லைத் தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எதைக் கேட்கக் கூச்சமோ அதைக் கேட்க இந்த ஊரில் இருக்கிற ஒரே கேள்வி கல்யாணம் ஆயிற்றா என்பதுதானே.

சண்முகவள்ளி ஒரு வாரமாக அலைந்து ஆள் சேர்த்தாள். வரமாட்டேன் என்ற பேராசிரியைகளைச் சம்மதிக்கவைத்தாள். மெஸ்ஸில் சமைக்கிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ரெண்டு நிமிஷம்தான், வலிக்காது, முன்கூட்டியே தெரிஞ்சா குணமாகிற நோய் என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்கே மாதத்தில் பாதி நாள் தீட்டுத் துணி தேவைப்பட்டுக்கொண்டிருந்தது. இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது.

முகாம் அன்று அவள் கதவோரம் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டாள். கூட்டிப் பெருக்கும் சைதூன் பரிசோதனை முடிந்து வெளியே வந்து முக்காட்டைச் சரிசெய்தபடி சிரித்தாள். “எங்களை எல்லாம் கட்டில்ல ஏத்திட்டு நீ வாசல்ல நிக்கிற. குடுத்து வச்சவம்மா நீ. கல்யாணம் பண்ணாதவளுக்கு ஒரு வில்லங்கமும் இல்ல.” வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சண்முகவள்ளியும் சிரித்தாள்.

கடைசியில் நசீம் பானு கையுறையைக் கழற்றிக்கொண்டே, நீங்களும் வந்துவிடுங்களேன் என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டு பேராசிரியைகள் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு எதுக்கு டாக்டர்? நான் கல்யாணம் ஆகாதவ.”

டாக்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளை இவளிடமிருந்து வாங்கிக்கொண்டவர். சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்க, சும்மா பேசலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சண்முகவள்ளி போகவில்லை. அந்தக் கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் காலேஜுக்குத் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஜீவிதா பட்டம் வாங்கிய மாதம் வீட்டில் வெந்தயமும் இளநீரும் தீர்ந்து தீர்ந்து வந்தன. பாத்ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன சித்தி என்று கேட்டால், சூடு என்று பதில் வந்தது. ஜீவிதா ஒரு தடவை கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள். பிறகு நேராகவே கேட்டுவிட்டாள்.

“என்கிட்டயுமா சித்தி சூடு?”

சண்முகவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடம் நனைந்தது.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஊரிலிருந்து ஜீவிதாவின் அம்மாவும் வந்திருந்தாள். பேரு, வயசு எல்லாம் கேட்டுக்கொண்டு வந்த சிஸ்டர், கல்யாணம் ஆயிருச்சாம்மா என்று கேட்டாள். அம்மா முந்திக்கொண்டு, “இல்லைங்க. கன்னிப்பொண்ணுங்க” என்றாள். கண்ணை மூடிப் படுத்திருந்த சண்முகவள்ளி மூடியபடியே சொன்னாள்:

“ஆச்சுன்னு எழுதிக்கிருங்க சிஸ்டர். அப்பத்தான் சரியாப் பாப்பீங்க.”

அம்மாவுக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அழுகிறாள் என்று நினைத்து ஜீவிதா பின்னாலேயே போனாள். அவள் அழவில்லை. “இனிமே உன்னைய எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?” என்றாள்.

அதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ரொம்ப முற்றியிருந்தது. கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பழனிக்குமார் ஒருநாளும் வரவில்லை. யாரோ தெரிந்த பையன் மூலம் ஒரு பை சாத்துக்குடி வந்தது. சித்தி அதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டாள். முகாமில் அவள் கட்டிலேற்றிய பெண்களில் ஒரு சமையல்காரிக்கு நோயை ஆரம்பக்கட்டத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள், அவள் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். அந்தம்மாள்தான் கஞ்சி கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் சித்தி பிரின்சிபால் அறையில் நடந்ததை எல்லாம் ஜீவிதாவிடம் சொன்னாள். தன்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. யாரோ மூன்றாம் மனுஷி செய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த நாச்சிமுத்து முன்னாடி நான் பேச்சை மாத்திச் சொல்லணும் என்றாள். ஜீவிதா பழைய தோழிகளிடம் விசாரித்து மணிமேகலையின் நம்பரை வாங்கி வைத்தாள். சித்தி போன் வேண்டாம் என்றாள். போனில் சொல்கிற விஷயமா இது, நேரில்தான் போகணும் என்றாள். ஜீவிதா வாடகைக் கார் பேசினாள். கிளம்புகிற அன்று சித்தி சேலை மாற்றிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, கொட்டிப்போன தலையையும் ஒட்டிப்போன கன்னத்தையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வேணாம்டி. இந்தக் கோலத்துல போய் நின்னா, தப்பாப் போனவளுக்கு வந்த சீக்குன்னுதான் பேசுவாங்க. அந்தப் பிள்ளைக்கும் இதான்னு சேத்துப் பேசுவாங்க. கொஞ்சம் தேறட்டும்.”

தேறவில்லை.

கல்லூரி வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். ‘செல்வி சண்முகவள்ளி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா, கர்ப்பப்பையில் கட்டி, எல்லாம் சூட்டில் வந்தது என்று சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தெருமுனையில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்திருந்தான். பாடை தெருவைத் தாண்டுமுன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். உயிர் போனாலும் பேர் போகாமல் போய்ச் சேர்ந்தாள் சித்தி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று ஜீவிதாவால் நிம்மதிப்பட முடியவில்லை. அந்தப் பேருக்காகச் செலவானதில் இன்னொரு பெண்ணின் படிப்பும் இருந்ததே.

காரியம் முடிந்து ஜீவிதா குஜிலியம்பாறை பஸ் ஏறினாள். மணிமேகலை நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். இளைத்துப்போய், முடியில் பஞ்சுத் தூசியோடு இருந்தாள். ஜீவிதா விஷயத்தைச் சொன்னதும், செத்துட்டாங்களா என்று மட்டும் கேட்டாள். பிறகு, “எனக்கு எதுக்குச் சொல்ற, எனக்குத்தான் தெரியுமே. எங்கப்பாட்ட சொல்லு. அவரு என்கிட்ட முகம் பாத்துப் பேசி ரெண்டு வருஷமாகுது” என்றாள்.

நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜீவிதா எல்லாவற்றையும் சொன்னாள். அது சாதாரணத் தொற்று என்று, சித்திதான் டாக்டரிடம் அனுப்பினாள் என்று, பயந்துபோய்ப் பொய் சொல்லிவிட்டாள் என்று. அவர் கையை நிறுத்தாமல் கடைசிவரைக்கும் கேட்டார்.

“அந்தம்மா என் முன்னாடி அவுக வாயால சொன்னாக தாயி. நான் ரெண்டு காதால கேட்டேன். இப்ப அவுக இல்லங்கிற. இல்லாதவுக பேரைச் சொல்லி யாரு என்ன வேணாலும் சொல்லலாம்ல.”

“நான் பொய் சொல்லலைங்கய்யா.”

“நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல. இவளுக்குச் சிநேகிதப் பிள்ளை நீ. இவளுக்காகத்தான பேசுவ.” ஆய்ந்த செடியை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற மகள் பக்கம் திரும்பவேயில்லை.

மணிமேகலை பஸ் நிறுத்தம்வரைக்கும் கூட வந்தாள். தூரத்தில் பஸ் தெரிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“நேர்ல வரணும்னுகூட இல்ல ஜீவி. உயிரோட இருக்கையில ஒரு போன் பண்ணியிருந்தாப் போதும். ஸ்பீக்கர்ல போட்டு எங்கப்பாவுக்குக் கேக்க வச்சிருப்பேன்.”

பஸ் வந்து நின்றது. ஜீவிதா ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது மணிமேகலை வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.