ஓஷுனுக்கு வாய்த்த முகம்

ஓஷோக்போவில் எங்கள் தெருப் பெண்களைப் பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ரோன்கே அம்மா, டயோ அம்மா என்று. மொரெனிகேக்குப் பிள்ளையில்லை. தட்டைப்பயறு மாவில் அக்கரா பொரித்து விற்பதால் அவள் அக்கரா அம்மா. கூப்பிட்டால் சிரித்தபடிதான் திரும்புவாள்.

எதிர்வீட்டு அபெகே திருவிழாவுக்காக, எங்கள் ஆற்றுத் தெய்வமான ஓஷுன் தாயை நீர்வண்ணத்தில் வரைந்தாள். ஓஷுன் ஆற்றில் மொண்டுவந்த தண்ணீரில்தான் வண்ணம் குழைத்தாள். மஞ்சள் துணி, பித்தளை வளையல், மேலே மொரெனிகேயின் முகம்.

படத்தைப் பார்த்ததும் மொரெனிகே வாடிப்போனாள்.

"பிள்ளை வரம் குடுக்குற தாய்க்கு என் மூஞ்சியா? ஊரே சிரிக்கும்டி. அழிச்சிடு."

"ஈரம் பட்டாலே போயிடும். நீயே அழிச்சுக்கோ," என்று அபெகே ஈரத்துணியை நீட்டினாள். சொல்லிவிட்டாளே தவிர, மொரெனிகே துணியை வாங்கியதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கரா வாங்கக் கிண்ணத்தோடு வந்த ரோன்கே அம்மா, படத்தைக் கண்டதும் மண்டியிட்டுக் கும்பிட்டாள். பிறகுதான் துணியைக் கவனித்தாள்.

"அழிக்கப்போறியா? நல்லாயிருக்கே! நாலு பெத்தவ நான். விடிஞ்சா என் நாலும் என்கிட்டயா வருது? அம்மான்னு உன் அடுப்புக்குத்தான் ஓடுது. என் மூஞ்சிய எவளும் வரையலையேன்னு எனக்கே வயித்தெரிச்சல்!"

மொரெனிகே படத்தின் அருகே குனிந்து முகத்திலிருந்து கைவரை பார்த்தாள். பிறகு துணியை மடித்து அபெகேயிடம் கொடுத்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா கைக்கு மூணு வளையல்தானா? கஞ்சப் பிசினாறி, இன்னும் ரெண்டு போடு."