கோட்டைச் சுவரில் காய்ந்த நைட்டி

வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய கோட்டையைப் பார்க்கலாம் என்று மச்சான் சொன்னதும், என் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றுதான் நம்பினேன். சிரிக்காதீர்கள். எங்கள் கடலூர்ப் பக்கத்தில் அளக்கிற முக்காலிக் கருவி வந்தால் பின்னாலேயே நிலம் எடுக்க ஆள் வரும். குடிகாடு கிராமத்தில் என் பெரியப்பா வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்கும் முதலில் வந்தது முக்காலிதான். இப்போது அங்கே ஓடுவது கம்பெனிக்காரனின் ராட்சதக் குழாய்.

என் வீட்டுக்குப் பின்னால், ஆற்றோரமாக, வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டைச் சுவர் ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. அதைப் படம் பிடிக்க, முக்காலியும் கேமராவுமாகச் சென்னைக் கும்பலைக் கூட்டி வந்தவன் இந்த மச்சான்தான், என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். சார்ஜர் விற்குமென்றால் அக்காவையும் காட்டிக்கொடுப்பான்.

"கோட்டை அப்ப எப்டி இருந்துச்சோ, அப்டியே எழுப்பப் போறாங்க மாமா."

"எழுப்பிட்டா நாங்க எங்கடா போறது?"

"கம்ப்யூட்டர்ல மாமா."

"மொதல்ல கம்ப்யூட்டர்லதான் எழுப்புவான். அப்பறம் பொக்லைன் வரும்."

ஓர் இடத்தை ரொம்ப நாள் அனுபவித்தால் அது நம்முடையது என்று டீக்கடையில் கேட்ட சட்டம் நினைவுக்கு வந்தது. உடனே கோட்டைச் சுவரில் ஆணி அடித்தேன். கயிறு கட்டி, வீட்டில் ஈரமாக இருந்த துணியையெல்லாம் காயப்போட்டேன். நடுநாயகமாக, மஞ்சள் பூப்போட்ட நைட்டி.

கேமராவோடு வந்த பெண் பணிவாகத்தான் கேட்டாள். "சார், துணிய மட்டும் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?"

"எடுக்க முடியாதும்மா. எங்க பரம்பரையே இங்கதான் காயப்போடுது."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எத? போன தீவாளிக்கு எடுத்த நைட்டியவா?"

நான் அசையவில்லை. அவர்கள் துணியோடு சேர்த்தே படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதை ஊருக்கே காட்டினார்கள். குடும்பத்தோடு போனோம். கண்ணாடியை மாட்டினார்கள். கோட்டை முழுசாக நின்றது. மெல்லத் திரும்பி என் வீடு இருக்க வேண்டிய பக்கம் பார்த்தேன். வீடு இல்லை. என் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு குதிரை புல் தின்றுகொண்டிருந்தது.

கண்ணாடியோடே கையை வீசி, பக்கத்தில் நின்ற மச்சானின் சட்டையைப் பிடித்தேன். "எங்கடா என் வூடு?"

"விடு மாமா, பட்டன் தெறிக்குது. கோட்டை கட்டுனப்ப உனக்கு ஏது வூடு?"

மண்டபமே சிரித்தது. என் மனைவி கண்ணாடியைப் பிடுங்கித் தன் கண்ணில் வைத்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அதற்குள் பார்த்துவிட்டு வந்த ஒருவர் வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "செவுத்துல மஞ்சப் பூ வேலைப்பாடு ஜாஸ்தி. வெள்ளைக்காரன் ரசிச்சுக் கட்டியிருக்கான்."

இடிந்துபோன பகுதிக்கெல்லாம், இருக்கிற சுவரின் படத்தையே மறுபடி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கோட்டையைச் சுற்றிலும் அவளுடைய நைட்டி.

கடலூர் வரும்வரை பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவில்லை. மச்சான் இன்றுவரை சட்டைக்குக் கணக்கு சொல்கிறான். என் அடுப்படியில் குதிரை கட்டியவர்களை நானும் மன்னிப்பதாக இல்லை.

ஆனால் வீட்டை யாரும் அளக்கவில்லை, கேட்டும் வரவில்லை. அந்த முக்காலி அளந்தது கோட்டைச் சுவரை மட்டும்தான்.