துரை வருகிற அன்றைக்குப் பூக்கணும்

தோட்டக்காரனுக்கு இரண்டு எஜமான்கள்: ஒன்று செடி, இன்னொன்று சம்பளம் கொடுக்கிறவர், இரண்டு பேரும் ஒருநாளும் ஒரு பேச்சுக்கு வரமாட்டார்கள். மண்வெட்டி பிடித்த அண்ணன்மாரே, நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், தப்பு யார் மேல்?

வெள்ளைக்காரன் காலம். அன்னவாசலில் ஒரு காண்ட்ராக்டர் பங்களாவில் வேலை. தோட்டத்து மூலைக் கொட்டகையில்தான் என் குடும்பமும் இருந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு துரை சித்தன்னவாசல் சித்திரம் பார்க்க வருகிறார், திரும்பும்போது நம் பங்களாவில் டீ குடிப்பார் என்று சேதி வந்தது. அவருக்குத் தோட்டம் என்றால் உயிராம். காண்ட்ராக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அன்னைக்குத் தோட்டம் பூரா பூத்து நிக்கணும். இல்லேன்னா பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிரு."

யார் பேச்சைச் செடி கேட்கும்?

தைப்பூசத்துக்குத் துரை வருகிறார் என்றார்கள். அன்றைக்குப் பூக்கிற மாதிரி நாள் கணக்குப் பார்த்து ரோஜாக் கிளைகளைக் கவாத்து வெட்டிவிட்டேன். மொட்டுக் கட்டுகிற நேரம் பார்த்து, "மாசியிலதான் வர்றாராம்" என்றார் ஐயா. பூ முந்திக்கொள்ளக் கூடாதே என்று வயிறெரிய ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளிப் போட்டேன். கூடை நிறைந்து நிமிர்ந்தால் ஐயா நிற்கிறார், பழைய தேதிதானாம்! "கிள்ளின மொட்டு ஒட்டாதுங்களே ஐயா" என்றேன். "நான் சொன்னேன்னு செடிகிட்ட சொல்லுய்யா, பூக்கும்!"

சிவப்பு வேணுமா, வேண்டாமா?

நல்லவேளை, துரைக்குச் சளி பிடித்துக்கொண்டது. வருகை மறுபடி மாசிக்குப் போனது, நான் பிழைத்தேன். அதற்குள் ஐயாவின் கணக்குப்பிள்ளை வந்தார். வெள்ளைக்காரர்களுக்குச் சிவப்பு என்றால் கொள்ளை ஆசை, சிவப்புப் பூவையெல்லாம் கேட்டுக்கு முன்னால் வை என்றார். தொட்டி தொட்டியாகத் தூக்கி வைத்தேன். மறுநாள் ஐயாவின் கார் டிரைவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, எடு எடு என்றார். எல்லாவற்றையும் கொல்லைக்குத் தூக்கினேன். கணக்குப்பிள்ளை கத்தினார், மறுபடி முன்னால். இடுப்பு விட்டுப்போச்சு, தலையும் சுற்றியது. "அண்ணே, செவப்புல என்னதான் குத்தம்?" என்று டிரைவரைக் கேட்டேன். "செவப்பைக் காட்டினா ஓடுற ரயிலே நின்னு போகுது, துரை மட்டும் உள்ள வந்துருவாராக்கும்?"

குளிக்கப் போன நேரம்

அந்த நாள் விடிந்தது. அடேயப்பா! ரோஜா, செவந்தி, கேந்தி எல்லாம் இலை தெரியாமல் பூத்து நின்றன. சொல்ல வெட்கம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொட்டகை தப்பித்தது என்று குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திரும்பினேன். ஒரு பூ இல்லை! கூடத்தில் ஐயாவின் சம்சாரமும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, பூ செடியிலதானே இருக்கணும்…" என்றேன். அந்த அம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லாயிருக்குப்பா நீ சொல்றது! பூவைச் செடியிலேயே விட்டுட்டு, துரையை வெறுங்கையோடவா வாங்கன்னு சொல்றது?"

போட்டோ

துரை வந்தார். விழுந்த மாலைகளில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. தோட்டம் எங்கே என்று கேட்டாராம். ஐயா என்னைப் பார்த்த பார்வையில் மனசுக்குள் சட்டி பானையெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். டீக்கு என்னாச்சு என்று ஐயா உள்ளே ஓடினார். துரைக்கோ வியர்த்துக் கொட்டியது. மாலைகளைக் கழற்றிப் பக்கத்து ரோஜாச் செடிகள் மேல் போட்டார். துரையே போடுகிறாரே என்று கூட வந்த பெரிய மனுஷர்களும் தங்கள் மாலைகளைச் செடிக்கு ஒன்றாகப் போட்டார்கள். ஐயா வரவழைத்திருந்த போட்டோக்காரர் அப்போது பார்த்துப் படம் பிடித்தார்.

படம் வருகிறவரைக்கும் ஐயா என்னோடு பேசவில்லை. வந்ததும் கூப்பிட்டனுப்பினார். மூட்டையோடு போய் நின்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் செடி பூராவும் பூ! "பூத்துத்தானேய்யா இருக்கு! அன்னைக்கு என் கண்ணுலதான் ஏதோ கோளாறு. மூட்டையை அவுத்து வையி, அடுத்த துரைக்கும் இதே மாதிரி பூக்கணும்."

அடுத்த துரை வருவதற்குள் நானும் வாழைநார் கிழித்து மாலை கட்டப் பழகிக்கொண்டேன்.